அறுபது முட்டை

பயணம் போய்விட்டு வந்து சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஏதாவது ஓரிடத்தில் "வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். இத்தாலி என்றால் கேட்கவே வேண்டாம். குடும்பமே நடத்துகிற சின்னக் கடை, அடுப்படியில் பாட்டி, கல்லாவில் தாத்தா, கட்டம்போட்ட மேஜைவிரிப்பு. இதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட கடைகள் நிஜமாகவே இருக்கின்றன, அப்படி ஒன்றில் நானும் சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன். ஆனால் அந்தக் கடைக்கார அம்மாள் இந்தப் பாராட்டை வாங்கிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதற்கப்புறம் இந்த வாக்கியத்தை எங்கே படித்தாலும் எனக்கு இடிக்கிறது. ஏன் இடிக்கிறது என்று யோசித்து, மனைவியோடு பேசி, நண்பனோடு சண்டையும் போட்டாயிற்று. இனி எழுதித்தான் தீர்க்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஊர் பொலோன்யா. பழைய நகரம் முழுக்கத் தெருவோரம் தூண்களும் வளைவுகளுமாகக் கூரை போட்ட நடைபாதைகள். பழைய நகரத்துக்கு வெளியே இருப்பவற்றையும் சேர்த்தால் 62 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1288ஆம் ஆண்டிலேயே நகரச் சட்டம் இதற்கு அளவு வைத்திருக்கிறது, குதிரைமேல் உட்கார்ந்தபடியே ஒருவர் உள்ளே போகும் உயரம் இருக்க வேண்டும் என்று. குதிரை இல்லாத நமக்கு என்ன லாபம் என்றால், நவம்பர் மழையில் குடையில்லாமல் ஊரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் நடந்தோம். இரட்டைக் கோபுரங்களில் சின்னது 2023 அக்டோபரிலிருந்து வேலிக்குள் இருக்கிறது, சாய்வு கூடிவிட்டதாம். அதை எட்டிப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த ட்ராட்டோரியாவுக்கு, அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். கூட்டிப்போனது கல்லூரியில் எனக்கு ஜூனியராக இருந்த நண்பன். இப்போது அங்கே ஆராய்ச்சி செய்கிறான், இத்தாலி மொழி தண்ணீர்பட்ட பாடு. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த அம்மாள் எங்களிடம் பேசியது குடும்ப விஷயம்.

மதியம் பன்னிரண்டரைக்குத்தான் திறப்பார்கள். நாங்கள் பன்னிரண்டுக்கே போய் வாசலில் நின்றோம். என் மனைவி குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பெண் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னார், ஆர்டர் எல்லாம் அப்புறம்தான் என்ற நிபந்தனையோடு. அதனால்தான் அந்த வேலையைப் பார்க்க முடிந்தது.

மரப்பலகை முன்னால்

சாப்பாட்டு அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சின்னத் தடுப்பு. அதற்குப் பின்னால் அகலமான மரப்பலகை, அதன்மேல் அன்றைய கடைசி மாவு. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள உருட்டுக்கட்டையால் அதை விரித்துக்கொண்டிருந்தார். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, அதுதான் கணக்கு. தண்ணீர் கிடையாது, எண்ணெய் கிடையாது, உப்புகூடக் கிடையாது. நம் சப்பாத்திக் கட்டையை உருட்டும் வேலை இல்லை இது. மாவின் ஓரத்தைக் கட்டையில் சுற்றிக்கொண்டு, உள்ளங்கைகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகர்த்தித் தள்ளி, சடாரென்று பிரித்து, கால்வட்டம் திருப்பி, மறுபடியும் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் பெரிதாகி ஒரு கட்டத்தில் பலகைக்கு வெளியே தொங்குகிறது. தொங்கும் பகுதியைத் தன் வயிற்றால் பலகையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறார், அந்த இழுப்பில் மாவு இன்னும் மெலிகிறது. கடைசியில் வேட்டியை உதறி விரிப்பதுபோல அந்தத் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு நொடி காட்டினார். இந்தத் தகட்டின் வழியாகப் பார்த்தால் ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா தேவாலயம் தெரிய வேண்டும் என்று அந்த ஊரில் சொல்வார்களாம். எனக்கு அவருடைய விரல்கள்தான் தெரிந்தன. அதுவே போதும்.

இந்த வேலை செய்கிற பெண்களுக்கு அங்கே ஸ்ஃபோலீனா என்று பெயர். அது ஒரு தொழில். தச்சர், தையல்காரர் என்பது எப்படியோ அப்படி. கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும், அதற்கென்று பள்ளிகளும் நடக்கின்றன. தகட்டை உலரவிட்டு, மடித்து, கத்தியால் நறுக்கினால் டாலியாடெல்லே. வெந்த பிறகு ஒரு நாடாவின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972இல் பொலோன்யா வணிக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள், தங்கத்தில் ஒரு மாதிரி நாடாவையும் சேர்த்து. பெரிய கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று அதற்கு ஒரு கணக்கும் உண்டு. இந்த அளவுக்கு வம்படியான ஊர்ப்பெருமை வேறெங்காவது உண்டா தெரியவில்லை, எனக்குப் பிடித்திருந்தது. அம்மாள் அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பேச்சை நிறுத்தாமலே நறுக்கினார்.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ராகூ என்கிற இறைச்சிக் குழம்பு போட்ட டாலியாடெல்லே. பூண்டு கிடையாது, மூலிகைப் பொடிகள் கிடையாது. கொத்திய மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பிறைச்சி, வெங்காயம், காரட், செலரி, ஒயின், பேருக்குத் தக்காளி, மணிக்கணக்கில் சின்னத் தீ. உலகம் முழுக்க விற்கிற ஸ்பாகெட்டி பொலோனீஸ் அந்த ஊர் ட்ராட்டோரியாவில் கிடைக்காது, கேட்டால் பாவமாகப் பார்ப்பார்கள் என்று நண்பன் முன்கூட்டியே எச்சரித்திருந்தான். அவன் டோர்டெல்லினி சூப் வாங்கினான். சுண்டுவிரல் நுனியளவு மடிப்புகள், அவற்றுக்குள் பன்றியிறைச்சியும் மோர்த்தாதெல்லா என்கிற பதப்படுத்திய இறைச்சியும் பாலாடைக்கட்டியும் ஜாதிக்காயும், சுற்றிலும் தெளிந்த இறைச்சிச் சாறு. மனைவி சைவம். ரிக்கோத்தா என்கிற மென்மையான பாலாடைக்கட்டி அடைத்த டோர்டெல்லோனியை வெண்ணெயிலும் ஸேஜ் இலையிலும் புரட்டிக் கொடுத்தார்கள். மேலே தூவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டியை மட்டும் ஒதுக்கிவைத்தாள், அதைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் ஊற்றித்தான் உறைய வைக்கிறார்கள், விதியே அப்படித்தான். (சைவர்கள் இத்தாலிக்குப் போகுமுன் இதை ஒருதடவை யோசித்து முடிவெடுத்துவிட்டுப் போவது நல்லது. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தால் சாப்பாடு ஆறிப்போகும்.) சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஒரு பத்தி ஆகிவிட்டது. சரி, அவ்வளவு நன்றாக இருந்தது.

பில் கொடுக்கிற நேரம்

பரிமாறியது எங்களை உள்ளே விட்ட அந்தப் பெண். குழம்பு வகைகள் மகன் பொறுப்பு. கல்லாவில் அம்மாளின் கணவர், காது மந்தம், கணக்கில் மட்டும் கூர்மை. பாத்திரம் கழுவ ஒரு வங்கதேசத்து இளைஞர். மூன்று மணிக்கு மேல் கடை காலியானதும் அம்மாள் ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு ஒரு காபியோடு கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நண்பன் பணத்தைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, கையை நெஞ்சில் வைத்துச் சொன்னான்: "சிஞோரா, எங்க அம்மா கையால வீட்டுல சாப்பிட்ட மாதிரி இருந்தது."

அம்மாள் காபியைக் குடித்து முடித்தார். அப்புறம் கேட்டார்: "உங்க அம்மா தினமும் காலைல அறுபது முட்டை உடைப்பாங்களா?"

நண்பன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்கிற குரலில்தான் கேட்டார். அறுபது முட்டை என்றால் ஆறு கிலோ மாவு, மதியமும் ராத்திரியும் சேர்த்து ஏறக்குறைய அறுபது பேருக்கு. ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டுக்கு முடியும். வலது தோளில் ஊசி போட்டிருக்கிறது. "வீட்டுல நான் இதெல்லாம் பண்றதில்ல. ஞாயித்துக்கிழம கடை லீவு. அவர் ரெண்டு முட்டை பொரிப்பார், ரொட்டிய வச்சு சாப்பிடுவோம். அதுதான் எங்க வீட்டுச் சாப்பாடு. நீங்க சாப்பிட்டது கடைச் சாப்பாடு."

நண்பன் இதையெல்லாம் சிரித்தபடியே மொழிபெயர்த்தான். அப்போது என் மனைவி, "அவங்களுக்குச் சம்பளம் உண்டான்னு கேளுப்பா" என்றாள். "அக்கா, அதெல்லாம் எப்படிக்கா கேக்கிறது" என்று நெளிந்தான். "நீ கேளு." கேட்டான். நெளிந்தபடியே கேட்டான். அதுவரை சாதாரணமாக இருந்த அம்மாளின் முகம் அந்தக் கேள்விக்குத்தான் மலர்ந்தது. நாற்காலியை இழுத்து மனைவியின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நண்பனைச் சட்டை செய்யாமல், மொழி தெரியாத அவளிடமே நேராகப் பேச ஆரம்பித்துவிட்டார். அவன் பின்னாலேயே மூச்சுவாங்க மொழிபெயர்த்துக்கொண்டு வந்தான்.

கடையை ஆரம்பித்தது மாமனார். மாவு உருட்டியது மாமியார், முப்பது வருஷம். கடை மாமனார் பெயரில், வங்கிக் கணக்கு மாமனார் பெயரில், மாடியில் வீடு மாமனார் பெயரில். மாமியார் பெயரில் ஒரு கரண்டிகூட இல்லை. இந்த அம்மாள் எழுபதுகளின் கடைசியில் மருமகளாக வந்தபோது, பலகை முன்னால் நிற்கப் போனவரைக் கையைப் பிடித்துத் தடுத்தது அந்த மாமியார்தானாம். "முதல்ல நோட்டரிகிட்ட போங்க. கையெழுத்து ஆகட்டும். அப்புறம் உருட்டுக்கட்டையத் தொடு." மாமனார் ஒரு வாரம் பேசவில்லை. இருந்தாலும் மருமகள் பெயரில் பங்கு எழுதிக் கையெழுத்து ஆனது. நம் ஊர் மாமியார் கதைகளைக் கேட்டு வளர்ந்த என் மனைவி இந்த இடத்தில் எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டாள். கல்லாவிலிருந்த தாத்தாவுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை.

அன்பு என்று எடுத்துக்கொண்டார்கள்

மாமியார் நோட்டரி என்று சொன்னதன் பின்னணி ஊருக்கு வந்து தேடிப் படித்ததில் தெரிந்தது. 1975இல் இத்தாலி தன் குடும்பச் சட்டத்தைத் திருத்தியபோது சிவில் சட்டத்தில் 230-பிஸ் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குடும்பத்தொழிலில் தொடர்ந்து வேலைசெய்கிற மனைவி, கணவன், மூன்றாம் படி வரையிலான ரத்த சொந்தம், இரண்டாம் படி வரையிலான கல்யாண வழி உறவு ஆகியோருக்கு வாழ்க்கைச் செலவு கேட்க உரிமை உண்டு. அதோடு, செய்த வேலையின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப லாபத்தில் பங்கு உண்டு, அந்த லாபத்தில் வாங்கிய சொத்தில் பங்கு உண்டு, கடை சம்பாதித்த நல்ல பெயரின் மதிப்பிலும் பங்கு உண்டு. லாபத்தை என்ன செய்வது என்பதை வேலைசெய்கிறவர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். கூடவே, பெண்ணின் வேலை ஆணின் வேலைக்குச் சமமாகக் கருதப்படும் என்று ஒற்றை வரி தனியாக நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது எனக்கு அதுவரை நடந்ததில்லை.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம். சொந்தக்காரர் கடையில் ஒருவர் வேலைசெய்தால், அது பாசத்தால் செய்தது, கூலிக்காகச் செய்தது இல்லை என்று நீதிமன்றங்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டன. இல்லை, இது வேலைதான் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் வேலை செய்தவர் தலையில். யோசித்துப் பாருங்கள், அதே அடுப்படியில் பாத்திரம் கழுவ வெளியிலிருந்து வந்தவருக்குக் கூலி கேட்க வழி இருந்தது, முப்பது வருஷம் மாவு உருட்டிய வீட்டுக்காரிக்கு இல்லை. அவள் கைப்பக்குவத்துக்காகத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள், ஆனால் அது அன்பு. அன்புக்கு யார் சீட்டு எழுதுவார்கள்? "வீட்டுச் சாப்பாடு மாதிரி" என்கிற பாராட்டும் இதே சரக்குதான் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. சாப்பிட்டவன் நல்லெண்ணத்தோடு சொல்கிறான். அந்த நீதிபதிகளும் நல்லெண்ணத்தோடுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

சட்டம் வந்ததும் எல்லாம் சொர்க்கமாகிவிடவில்லை. வரிக் கணக்கில் குடும்பத்தார் எல்லோருக்குமாகச் சேர்த்து 49 சதவீதம் வரைதான் காட்டலாம், முதலாளி கையில் 51 நிற்கும். அப்புறம், இந்தப் பிரிவு கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கும் ரத்த சொந்தத்துக்கும்தான் ரொம்ப நாள் பொருந்தியது. எங்களுக்குப் பரிமாறிய பெண் மகனோடு சேர்ந்து வாழ்கிறவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அம்மாள் அவரை மாதச் சம்பளத்துக்கு எடுத்து, சம்பளச் சீட்டும் கொடுத்துவிட்டார். "கட்டிக்கிட்டா பங்கு, கட்டிக்கலன்னா சம்பளம், சும்மா மட்டும் யாரும் இங்க தட்டு தூக்கக் கூடாது." சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் அதே உரிமைகள் முழுசாக உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பு சொன்னது. சட்டம் வந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் கழித்து.

எனக்கு இது ஏன் இவ்வளவு தைத்தது என்றால், எங்கள் பெரியம்மா. பெரியப்பா பெயரில் மெஸ் ஓடியது. விடிகாலை நாலு மணிக்கு மாவரைக்க எழுந்தது பெரியம்மா. கடையில் வேலைபார்த்த சப்ளையர் பையனுக்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூலி. பெரியம்மாவுக்கு, "ஆகா, வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும்மா." நம் அரசாங்கத்தின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெட்டியே இருக்கிறது, குடும்பத் தொழிலில் உதவியாளர் என்று. எண்ணிவிடுகிறார்கள். சம்பளம் என்கிற இடத்தில் ஒன்றும் இருக்காது.

நண்பன் கட்சி

நண்பன் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாராட்டைப் போய் இவ்வளவு நோண்டக் கூடாது என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய சங்கிலி உணவகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அங்கே இருந்தது, குளிரில் நின்றவளைப் பார்த்து நேரத்துக்கு முன்னால் கதவைத் திறந்தார்களே, அது எந்தச் சட்டப் பிரிவில் வருகிறது என்று கேட்கிறான். என்னிடம் பதில் இல்லை, கதவைத் திறந்தது மாதச் சம்பளக்காரி என்பதைத் தவிர. மனசு இருக்கிறவர்கள் கூலி வாங்கினாலும் கதவைத் திறப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். கூலி இல்லாததால்தான் மனசு இருக்கிறது என்று நினைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. நிஜமாகவே வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றால் அதற்கும் அந்த ஊரில் வழி உண்டு. செசரீனே என்று ஓர் அமைப்பு, 2004இல் பொலோன்யாவில்தான் தொடங்கியது, வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டு மேஜையிலேயே விருந்தாளிகளுக்குக் காசுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். வீடு வேண்டுமா, வீட்டுக்கு விலை. கடை வேண்டுமா, கடைக்கு விலை. இரண்டும் தெளிவாக இருக்கிறது.

தெளிவில்லாமல் இருந்தால் என்னாகும் என்பதற்குத் தெற்கே பாரி நகரத்தைச் சொல்வேன். அங்கே பழைய ஊர்ச் சந்துகளில் பெண்கள் வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து ஓரெக்கியெட்டே உருட்டுகிறார்கள், கட்டைவிரலால் ஒரு தள்ளு, காதுமடல் வடிவம் வந்துவிடும். சுற்றுலா வருகிறவர்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். ஊர் விளம்பரத்திலும் அவர்கள் முகம்தான். 2019இல் அங்கே ஓர் உணவகத்தில், எங்கே செய்தது என்று கணக்குக் காட்ட முடியாத மூன்று கிலோ ஓரெக்கியெட்டேயை அதிகாரிகள் பறிமுதல் செய்தபோது சந்து முழுக்கப் பதற்றம். அஞ்சல் அட்டையில் பாட்டி, சோதனைக்கு ஆள் வந்தால் உரிமம் இல்லாத உற்பத்தியாளர். சுகாதார விதி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை வருஷம் அது தொழில் என்று யாரும் அவர்களை உட்காரவைத்துப் பேசவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அது பார்க்க அழகாக, வீட்டு வேலையாகவே இருந்தது.

போன மாதம் நண்பன் மறுபடியும் அந்தக் கடைக்குப் போயிருக்கிறான். அம்மாளின் தோள் இன்னும் மோசமாம். மகனுக்கு உருட்ட வராது, மகள் மோதெனாவில் பல் மருத்துவர். பக்கத்துத் தெருவில் கூலிக்கு ஸ்ஃபோலீனாக்களை வைத்து மாவுத்தகடு செய்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது, இனி அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மாள் முடிவுசெய்துவிட்டார். நண்பனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது, "அப்போ உங்க கைமணம் போயிடுமே சிஞோரா" என்றிருக்கிறான். அந்தக் கடையில் உருட்டுகிறவர்களில் இரண்டு பேருக்குத் தான்தான் வேலை கற்றுக்கொடுத்ததாகச் சொன்னாராம். நோட்டரியிடம் எழுதிய பங்கு தன் பேரில் அப்படியேதான் இருக்கிறதாம், வேலை மட்டும் கல்லாவுக்கு மாறுகிறது, தாத்தா ஓய்வெடுக்கப் போகிறார். மகனுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. அம்மாள் இதற்குள் அந்தக் கடைக்காரியிடம் கிலோவுக்கு என்ன விலை, தினமும் எடுத்தால் எவ்வளவு குறைப்பாய் என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.